ஜோர்டான் பயணத்துக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நானும் மனைவியும் அடுத்த ஆண்டு அக்டோபரில் ஜோர்டான் போக ஆசைப்படுகிறோம். பாறையில் குடைந்த பழைய நகரம் பெட்ரா, ரோமானிய இடிபாடுகள் உள்ள ஜெராஷ், வாடி ரம் பாலைவனம், சாக்கடல் எல்லாம் சேர்த்து 7 இரவுகளுக்கு 4 லட்சம் ஆகும் என்கிறார் ஏஜென்ட். கையில் 1.2 லட்சம் இருக்கிறது. இன்னும் 16 மாதம் உள்ளது. மீதிக்கு பர்சனல் லோன் எடுக்கலாமா, மகள் படிப்புக்கான மியூச்சுவல் ஃபண்டை விற்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். 2.8 லட்சத்தை 14% வட்டியில் 3 ஆண்டுக் கடனாக எடுத்தால் வட்டி மட்டுமே ஏறக்குறைய 64,000 ரூபாய். மகளின் ஃபண்டில் கை வைக்கவே கூடாது. 16 மாத அவகாசம் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

கையிருப்பை எஃப்.டி.யில் போட்டுவிட்டு, மாதம் 18,000 ரூபாய்க்கு ஆர்.டி. தொடங்குங்கள். 6.5% வட்டி என்று வைத்தாலும் 16 மாத முடிவில் இரண்டும் சேர்ந்து 4.3 லட்சத்தைத் தொட்டுவிடும். குறுகிய காலப் பணம் என்பதால் பங்குச்சந்தைப் பக்கம் போக வேண்டாம்.

4 லட்சம் போதாதா என்று கேட்பீர்கள். ஜோர்டான் தினாரின் மதிப்பு 1995 முதல் டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது. 1 தினார் சுமார் 1.41 டாலர். டாலருக்கு எதிராக ரூபாய் எவ்வளவு சரிகிறதோ, ஹோட்டல், ஜீப், பாலைவனக் கூடாரம் எல்லாம் உங்களுக்கு அவ்வளவு விலை கூடும். அந்த மேல்தொகை அதற்குத்தான். டாலரை ஒரே நாளில் வாங்காமல், கடைசி மூன்று மாதங்களில் பிரித்து ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிவைக்கும் அட்டை) ஏற்றுங்கள். வாடி ரம் போன்ற இடங்களுக்குக் கொஞ்சம் தினார் நோட்டும் தேவைப்படும்.

ஏஜென்டிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: தொகையில் விசா கட்டணமும் நுழைவுச் சீட்டுகளும் ஒன்றாக அடங்கிய 'ஜோர்டான் பாஸ்' சேர்ந்திருக்கிறதா? தனித்தனியாகக் கொடுத்தால் விசா 40, பெட்ரா இரண்டு நாள் 55, ஜெராஷ் 10, வாடி ரம் 5 என ஆளுக்கு 110 தினார். பெட்ராவுக்கு இரண்டு நாள் அனுமதியுள்ள பாஸ் 75 தினார்தான். இவை எல்லாமே அதில் அடக்கம். இருவருக்கும் சேர்த்து 70 தினார் மிச்சம். கிளம்புவதற்கு முன்பே ஆன்லைனில் வாங்கிவிட வேண்டும். அங்கே குறைந்தது 3 இரவுகள் தங்கினால்தான் விசா கட்டணம் தள்ளுபடி. சாக்கடல் ரிசார்ட்டுகளின் கடற்கரைக் கட்டணம் இதில் வராது.

பேக்கேஜ் விற்கும்போதே ஏஜென்ட் வசூலிக்கும் டி.சி.எஸ். வரியை வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பட்ஜெட் இடித்தால் அம்மானில் ஹோட்டல் தரத்தைக் குறையுங்கள், பெட்ராவில் ஒரு நாளைக் குறைக்காதீர்கள். பாறைகளுக்கு நடுவே 1.2 கிலோமீட்டர் நடந்துதான் பாறையில் செதுக்கிய 'கருவூலம்' என்ற பெரிய முகப்பின் முன்னால் வந்து நிற்பீர்கள். மலைமேல் இருக்கும் 'மடாலயம்' என்ற இன்னொரு பாறைக் கட்டடத்துக்கு இன்னும் 800 படிகளுக்கு மேல் ஏற வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் பார்த்தால் முட்டி வலி மட்டும்தான் நினைவில் இருக்கும். பாஸில் ஒரு நாளுக்கும் இரண்டு நாளுக்கும் வித்தியாசம் 5 தினார்தான்.