அறுத்தது போதாது, கொத்த வேண்டும்

கேள்வி: போன ஐப்பசியில் இரண்டு ஏக்கரில் பத்தடிக்குப் பத்தடி தேக்கு வைத்தோம். மாதம் ஒரு முறை மெஷின் வைத்துப் புல்லை அறுக்கிறோம். காடு பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கன்றுகள் முழங்கால் உயரத்திலேயே நிற்கின்றன. உரம் பற்றவில்லையா? களைக்கொல்லி அடித்துவிடலாம் என்கிறான் மகன். ஆள் விட்டுக் கொத்தக் கூலி கட்டுப்படியாகாது. – ஒரு வாசகர், ஆலங்குடி.

பதில்: முதலில் உரத்தை நிறுத்துங்கள். இப்போது போடும் யூரியாவைப் பெரும்பாலும் தின்பது புல்தான்.

அறுப்பதும் களை எடுப்பதும் ஒன்றல்ல. அறுத்த புல்லுக்கு வேர் அப்படியே இருக்கிறது. பத்து நாளில் இளந்தளிர் விட்டு, முன்னை விட மும்முரமாகத் தண்ணீர் குடிக்கும். கன்றின் சல்லி வேரும் புல்லின் வேரும் அதே மேல் முக்கால் அடி மண்ணில்தான் மல்லுக்கட்டுகின்றன. தேக்குக்குப் புல்லோடு பந்திக்கு உட்காரவே தெரியாது, எழுந்து போய்விடும். வனவராக இருந்த காலத்தில் நான் புதுத் தோட்டத்துக்குப் போனால் முதலில் இலை அளவைத்தான் பார்ப்பேன். தேக்கிலை உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியிருந்தால் கீழே புல் இருக்கும்.

கூலிக் கணக்குக்கு வருகிறேன். காடு முழுக்கக் கொத்த யார் சொன்னது? கன்றைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றரை அடிக்கு ஒரு வட்டம் போடுங்கள். ஒரு கன்றுக்கு உள்ள நூறு சதுர அடியில் அது ஏழுதான். இரண்டு ஏக்கருக்கும் சேர்த்தால் 14 சென்ட். அதைக் கொத்த ஆள் கிடைக்காதா? இரண்டாம் வருஷம் வட்டத்தை மூன்றடிக்கு அகலப்படுத்துங்கள். மூன்றாம் வருஷம் நிழல் கட்ட ஆரம்பித்தால் பாதி வேலையை மரமே பார்த்துக்கொள்ளும். களைக்கொத்து இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்க வேண்டாம், வேர் அறுபடும்.

வட்டத்துக்கு வெளியே உள்ள புல்லை அறுங்கள், தப்பில்லை. பூக்கும் முன் அறுத்து, அதையே வட்டத்துக்குள் நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டிப் போடாதீர்கள், ஒரு சாண் விலகியிருக்கட்டும். நம் பக்கக் கரையானுக்கு அழைப்பிதழ் வேண்டியதில்லை.

மெஷினைக் கன்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். என் சொந்தக் காட்டில் முதல் வருஷம் நாற்பது கன்றுகளின் அடிப்பட்டையை நைலான் நரம்பு சுற்றிலும் உரித்துவிட்டது. ஓட்டிய பையனைக் குறை சொல்ல முடியாது, புல்லுக்குள் கன்று எங்கே என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு மாதம் எனக்கும் தெரியவில்லை. தண்ணீர் கட்டை வழியாக மேலே போய்க்கொண்டிருந்ததால் இலை பச்சையாகவே இருந்தது. பட்டை வழியாக வேருக்கு இறங்க வேண்டிய சாப்பாடுதான் நின்றுபோயிருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகப் பழுத்தன. வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை. நல்லவேளை, தேக்கு வெட்ட வெட்டத் துளிர்க்கும் ஜாதி. மழை தொடங்கியதும் தரையை ஒட்டிச் சாய்வாக வெட்டிவிட்டு, வந்த துளிர்களில் நேரான ஒன்றை மட்டும் விட்டேன். இன்று எது அடிபட்ட மரம் என்று எனக்கே அடையாளம் தெரியாது.

மகனிடம் சொல்லுங்கள்: கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இலை வழியாக மட்டுமல்ல, இளங்கன்றின் பச்சைத் தண்டு வழியாகவும் உள்ளே போகும். அதோடு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் பெற்றவர்கள் தவிர யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை போட்டிருக்கிறது. 2,4-டி பக்கம் போகவே வேண்டாம். அது அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும் மருந்து. தேக்கை விட அகன்ற இலை உங்கள் காட்டில் வேறென்ன இருக்கிறது? காற்றடித்தால் பக்கத்துக் காட்டுப் பருத்தியும் சுருண்டுவிடும்.

அந்தக் காசில் இடைவெளியில் உளுந்து விதைக்கலாமே. 19ஆம் நூற்றாண்டிலேயே பர்மாவில் டவுங்யா என்ற பெயரில் குடியானவர்களைத் தேக்குக்கு நடுவே முதல் சில வருஷம் பயிர் வைக்க விட்டார்கள். அவர்கள் தங்கள் பயிருக்கு எடுத்த களை, தேக்குக்கும் எடுத்த களையாயிற்று. உளுந்தும் வட்டத்துக்கு வெளியேதான். கொடி ஓடும் தட்டைப்பயறு வேண்டாம், கன்றில் ஏறி வளைத்துவிடும்.

கேள்வி: மலைவேம்புக்கு நடுவே பார்த்தீனியம். உப்புக் கரைசல் தெளிக்கலாமா? – வாசகி, பொள்ளாச்சி.

பதில்: பாதையோரம், தரிசு என்றால் சரி. கன்று நிற்கும் மண்ணில் உப்பைக் கொட்டாதீர்கள். பார்த்தீனியம் முளைத்து ஒரு மாதம் கடந்தால் பூத்துவிடும், ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். எனவே மழை பெய்த ஈரத்தில், பூக்கும் முன், வேரோடு பிடுங்குங்கள். கையுறை கட்டாயம். சிலருக்குத் தோல் அரிப்பு வந்தால் வருஷக்கணக்கில் விடாது.

கேள்வி: கோரை? எத்தனை முறை கொத்தினாலும் வருகிறது. – வாசகர், திருமயம்.

பதில்: வரத்தான் செய்யும். கொத்தும்போது கிழங்குச் சங்கிலி அறுந்து, தூங்கிக்கொண்டிருந்த கிழங்கும் முளைக்கிறது. கிழங்கோடு பொறுக்கி வெயிலில் காயப் போடுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது. மரம் தலைகூடி நிழல் கட்டும் வரை வட்டத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருங்கள்.