உப்பேறிய கிணறும் ஒரு குளிர்பான பாட்டிலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கடலோரக் கிணறுகளைப் பற்றியவை. கிணற்றின் ஆழம், நீர்மட்டம், மாதிரி எடுத்த நாள் ஆகிய மூன்றையும் குறிப்பிடாதவர்களுக்குப் பதில் எழுத இயலவில்லை. அவர்கள் இவற்றைச் சேர்த்து மீண்டும் எழுத வேண்டும்.

தங்கச்சிமடம்: வீட்டுக் கிணற்றில் டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) லிட்டருக்கு 1,800 மில்லிகிராம் காட்டுகிறது. கடல்நீர் புகுந்துவிட்டதா?

அந்த மீட்டரை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அது அளப்பது மின்கடத்துதிறனை, அதாவது நீர் எவ்வளவு எளிதாக மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை மட்டுமே; உப்பு கூடினால் அதுவும் கூடும். உப்பு எங்கிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியாது. குளோரைடையும் நைட்ரேட்டையும் ஆய்வகத்தில் பாருங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கழிவுநீர் கலந்திருக்கலாம்; முதலில் உங்கள் கழிவறைத் தொட்டி கிணற்றிலிருந்து எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஐயம் தீராவிட்டால் புரோமைடையும் அளக்கச் சொல்லுங்கள். கடல்நீரில் குளோரைடு, எடைக் கணக்கில், புரோமைடைப் போல ஏறக்குறைய 290 மடங்கு இருக்கும். வீட்டுக் கழிவுநீரில் அந்த விகிதம் பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாக இருக்கும்.

கீழக்கரை: அருகில் இறால் பண்ணை வந்தபின் எங்கள் கிணறு உப்பாகிவிட்டது. ஆய்வக அறிக்கையோ நீர் நன்றாக இருப்பதாகச் சொல்கிறது. எதை நம்புவது?

மாடித் தொட்டிக் குழாயில் பிடித்து, குளிர்பான பாட்டிலில் அடைத்து, மூன்று நாள் கழித்துக் கொடுத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொட்டியில் காவிரிக் கூட்டுக் குடிநீரும் விழுகிறது என்றால், ஆய்வகம் அளந்தது உங்கள் கிணற்று நீரை அன்று. இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். இன்றும் வாரம் ஒருவராவது இப்படித்தான் மாதிரி கொண்டுவருகிறார், பிறகு அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்.

ஆழ்துளைக் கிணறு என்றால், மாதிரி எடுக்குமுன் நாடாவால் நீர்மட்டத்தை அளந்துவிட்டு, குழாய்க்குள் நிற்கும் நீரைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கை இறைத்து வெளியேற்றுங்கள். மின்கடத்துதிறன், பிஎச், வெப்பநிலை மூன்றும் அடுத்தடுத்த அளவீடுகளில் மாறாமல் நின்றபின், அதே நீரால் பாட்டிலைக் கழுவிப் பிடியுங்கள். நைட்ரேட்டுக்கான பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் சேர்ப்பியுங்கள். உலோகங்களுக்கான நீரை வடிகட்டி, நைட்ரிக் அமிலம் சேர்த்துத் தனியாக வையுங்கள்.

திறந்த கிணற்றில் முறை வேறு. மண்டபம் பகுதியில் ஒரு தென்னந்தோப்புக் கிணற்றில், மோட்டார் ஓடாத காலை வேளையில், மீட்டரின் முனையைக் கயிற்றில் கட்டி அரை மீட்டர் அரை மீட்டராக இறக்கினோம். மேலே மின்கடத்துதிறன் 1,000 மைக்ரோசீமென்ஸ் இருந்தது. மூன்று மீட்டர் வரை அசையவில்லை. அடுத்த ஒரு மீட்டருக்குள் 4,000 ஆயிற்று. வீட்டார் வாளியில் இறைத்துக் குடித்தது மேல் நீரை. அடியில் கிடந்த ஃபுட்வால்வு (மோட்டார் குழாயின் அடிமுனை வால்வு) தென்னைக்கு இழுத்தது கீழ் நீரை. எடை குறைந்த நன்னீர் உவர்நீரின் மேல் நிற்கும் மணற்பாங்கான இந்தக் கரையில், ஆழம் குறிக்காத மாதிரியால் ஒரு பயனும் இல்லை. நன்னீர் மட்டம் ஓரடி இறங்கினால் அடியிலுள்ள உவர்நீர் எல்லை காலப்போக்கில் 40 அடி வரை ஏறக்கூடும் என்பது கணக்கு. எனவே உங்கள் சொந்த மோட்டாரும் காரணமாக இருக்கலாம்.

பண்ணைதான் காரணம் என்று நிறுவ, குறைந்தது மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை ஒரே அடிப்படை உயரத்திலிருந்து கணக்கிட்டு, நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்டாக வேண்டும்.

தேவிபட்டினம்: கிணற்றில் பெட்ரோல் வாடை வருகிறது. ஒரு கேனில் பிடித்து அனுப்பட்டுமா?

கேன் வேண்டாம். குடிப்பதையும் மோட்டார் போடுவதையும் இன்றே நிறுத்துங்கள். அருகில் நெருப்பு கூடாது, யாரும் உள்ளே இறங்கக் கூடாது. ஆய்வகம் தரும் 40 மில்லி கண்ணாடிக் குப்பியில், காற்றுக் குமிழ் சிறிதும் இல்லாமல் நிரப்பி மூடி, ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும்.

வாலிநோக்கம்: உப்பளத்தை ஒட்டிய நிலம். ஐந்து இடத்து மண்ணைக் கலந்து அனுப்பலாமா?

உரப் பரிந்துரைக்குக் கலக்கலாம். மாசைத் தேடும்போது கலக்கக் கூடாது, ஏனெனில் ஓரிடத்தில் மிகுந்திருப்பது மற்ற நான்கில் கரைந்து மறைந்துவிடும். உப்பளக் கரையிலிருந்து தூரம் அளந்து, ஒவ்வோர் இடத்திலும் 0–15, 15–30, 30–60 செ.மீ. எனத் தனித்தனியாக எடுங்கள். அறிக்கையில் மின்கடத்துதிறன் 1:2 கரைசலில் (ஒரு பங்கு மண்ணுக்கு இரு பங்கு நீர்) அளந்ததா, நிறைவுறு சாற்றில் (மண்ணை நீரால் குழைத்துப் பிரித்தெடுத்த நீர்) அளந்ததா என்று கேளுங்கள்; இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

சாயல்குடி: மின்தடை அளவீட்டை (நிலத்தில் மின்சாரம் செலுத்தி அடியிலுள்ளதைக் கணிக்கும் முறை) மட்டும் நம்பிப் போர் போடலாமா?

கூடாது. களிமண்ணும் உவர்நீர் ஏறிய மணலும் அந்த அளவீட்டில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். அருகிலுள்ள ஒரு போரின் மண் அடுக்கு விவரத்தோடு ஒப்பிட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

தொண்டி: எந்த மாதத்தில் மாதிரி எடுப்பது?

மே மாதத்தில் ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஜனவரியில் ஒரு முறையும், அதே கிணற்றில், அதே ஆழத்தில் எடுங்கள். இடம், ஆழம், நாள், நேரம் நான்கையும் அழியாத மையால் பாட்டிலின் மீதே எழுதுங்கள். மூடியில் எழுதினால் ஆய்வகத்தில் மூடிகள் மாறிப்போகும்.