பாலை நிறுத்தினால் சளி நிற்குமா?

கேள்வி: எங்கள் பையனுக்கு நான்கு வயது. இந்த வருடம் பள்ளியில் சேர்த்ததிலிருந்து அடிக்கடி சளி பிடிக்கிறது. பாலை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதைப் படித்துவிட்டு, பால், தயிர் எதுவும் வேண்டாம், வீட்டில் அரைத்த பாதாம் பால் போதும் என்கிறார் கணவர். பால் இல்லாமல் பிள்ளை எப்படி வளரும் என்று மாமியார் சண்டை போடுகிறார். நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாதவர்கள். என்ன செய்வது, டாக்டர்?

பதில்: முதலில் சளியை முடித்துவிடுவோம். பால் சளியை உண்டாக்குவதில்லை. அது எச்சிலோடு கலந்து தொண்டையில் கொழகொழவென்று நிற்கும். அதைத்தான் சளி என்று நினைத்துக்கொள்கிறோம். 1990இல் ஆஸ்திரேலியாவில் 60 பேருக்குச் சளிக் கிருமியைக் கொடுத்தே பார்த்தார்கள். அதிகம் பால் குடித்தவர்களுக்கு மூக்கு அதிகமாக ஒழுகவில்லை. பள்ளிக்குப் போகத் தொடங்கிய குழந்தைக்கு வருடத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். ராத்திரி படுக்கையறையில் கொசுவத்தி எரிகிறதா என்று பாருங்கள். எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

மாமியார் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. பால் இல்லாமலும் குழந்தை வளரும். நம் சமையலில் அது அவ்வளவு கஷ்டமும் இல்லை. இட்லி, தோசை, சாம்பார், பொரியல் எதிலும் பால் கிடையாது. ஆனால் பாலை எடுத்தால் அதனோடு போகிற கால்சியம், புரதம், வைட்டமின் பி12 மூன்றையும் வேறு வழியில் கொடுத்தாக வேண்டும். தினமும், யார் கொடுப்பது? சிக்கல் அங்கேதான்.

நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 550 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). 200 மில்லி டம்ளர் பாலில் ஏறக்குறைய 240 வந்துவிடுகிறது. அதே அளவைக் கேழ்வரகில் எடுக்க 65 கிராம் மாவு வேண்டும். நான்கு வயதுப் பையன் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தால் உள்ளே போவது அதில் பாதிகூட இருக்காது. எள் நல்லதுதான், ஆனால் தோலோடு இருக்கும் கறுப்பு எள்ளாக இருக்க வேண்டும். தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் கால்சியம் மிகக் குறைவு. முருங்கைக்கீரையைப் பருப்போடு கடைந்து கொடுக்கலாம். பாலக்கீரையில் கால்சியம் இருந்தும், அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதை உடலில் சேரவிடாது. இவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்தால் கணக்கு ஒருவழியாக நிறையும். தயிர்சாதம் தவிர வேறு எதையும் தொடாத பிள்ளையாக இருந்தால் நிறையாது.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை என் பெரிய கவலை பி12. முட்டை, மீன், கறி இல்லாத வீட்டில் அது பால் வழியாக மட்டும்தான் வருகிறது. இட்லி மாவிலும் பழைய சோற்றிலும் கிடைக்கும் என்பார்கள், அதை நம்பி இருக்க முடியாது. குறைபாடு மெதுவாகத்தான் தெரியும். குழந்தை சோர்ந்துபோகும், வெளுக்கும், சில பிள்ளைகளுக்கு விரல் மூட்டுகளின் மேல்தோல் கறுக்கும். அதனால் பாலை விடுவதென்றால் பி12 மருந்து கட்டாயம். அளவைக் குழந்தை மருத்துவர் சொல்லட்டும்.

பாதாம் பால்? பத்துப் பாதாமை அரைத்தால் இரண்டரை கிராம் புரதம், முப்பது மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம். அதிலும் ஒரு பங்கு வடிகட்டியில் சக்கையாக நின்றுவிடும். ருசிக்குக் குடிக்கலாம், பாலுக்குப் பதிலாகாது. தேங்காய்ப்பாலும் அப்படித்தான். கால்சியமும் வைட்டமின்களும் சேர்த்த, சர்க்கரை போடாத சோயா பால் ஒன்றுதான் ஓரளவு பக்கத்தில் வரும். கனடாவில் ஐயாயிரம் குழந்தைகளைப் பார்த்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், பசும்பாலுக்குப் பதில் மற்ற பால்களைக் குடித்தவர்கள் சற்றே குள்ளமாக இருந்தார்கள். அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம், ஆனால் மாமியாரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்!

பாலை நிறுத்தியே ஆக வேண்டிய குழந்தைகளும் உண்டு. பால் புரத ஒவ்வாமை இருந்தால் தடிப்பு, வாந்தி, மலத்தில் ரத்தம் என்று காட்டும். அவர்களுக்கு ஆட்டுப்பாலும், நாட்டு மாட்டுப் பால் என்று விற்கும் ஏ2 பாலும்கூட ஆகாது. பிஸ்கட், பிரெட், சாக்லேட் உறைகளில் பால் பவுடர், வே, கேசின் (இவை இரண்டும் பால் புரதங்கள்) என்று இருக்கிறதா பார்த்துத்தான் வாங்க வேண்டும். பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதது வேறு கதை. வயிறு உப்பும், பேதியாகும், ஆனால் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். உங்கள் பையனுக்கு இவை எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

எனவே பாலும் தயிருமாக நாளைக்கு 400 மில்லி கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். லிட்டர் கணக்கில் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சாப்பாட்டில் பசி இருக்காது, இரும்புச்சத்தும் குறையும். கணவர் சமாதானமாகவில்லை என்றால் இரண்டு வாரம் நிறுத்திப் பார்க்கட்டும், அதற்குள் சத்துக் குறைந்துவிடாது. எந்தெந்த நாளில் மூக்கு ஒழுகியது என்று எழுதிவைத்துக்கொண்டு, பிறகு பாலைத் திரும்பக் கொடுத்து ஒப்பிடுங்கள். சளியோடு வீசிங், ராத்திரி இருமல், வாயைத் திறந்துகொண்டு குறட்டை ஏதாவது இருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், நேராக மருத்துவரிடம் காட்டுங்கள்.