மறுமோதல் உரிமை இருந்தும் பாக்கியாவ் ஏன் ஹார்னோடு மீண்டும் மோதவில்லை?

ஒப்பந்தத்தில் மறுமோதல் உரிமை இருந்தால் கட்டாயம் மோதியாக வேண்டும் என்றில்லை, விருப்பப்பட்டால் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். 2017 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த குத்துச்சண்டையில் மூன்று நடுவர்கள் 117-111, 115-113, 115-113 என்று புள்ளி போட்டு ஜெஃப் ஹார்னுக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். எதிராளி மேல் விழுந்த குத்துகளை எண்ணினால் மேனி பாக்கியாவ் 182, ஹார்ன் வெறும் 92, அதனால்தான் ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் புள்ளி போடுவதில் சுற்றுக்குச் சுற்று தனிக் கணக்கு. ஒன்பதாவதில் ஹார்னைப் புரட்டி எடுத்தாலும் அது ஒரு சுற்றுதான். (என் கணக்கில் பாக்கியாவ்தான் ஜெயித்தார், 117-111 சுத்த அபத்தம்.) அப்புறம் டபிள்யூபிஓ (உலக குத்துச்சண்டை அமைப்பு) ஐந்து நடுவர்களை வைத்து மோதலை மறுபடி பார்க்கச் சொன்னது, அதிலும் ஹார்ன்தான். பாக்கியாவ் அப்போது பிலிப்பைன்ஸ் செனட்டர், பதவி வேலைகளால் நவம்பரில் மறுமோதலுக்கு வர முடியாது என்றார். ஹார்ன் டிசம்பரில் வேறு ஆளோடு மோதினார்.