இன்சாஸ் துப்பாக்கி: கேள்விகளும் பதில்களும்

ராணுவப் பணிமனையில் ஆயுதங்களைப் பழுதுபார்த்தவன் என்ற முறையில், நம் படைக்காக நாட்டிலேயே வடிவமைத்த 5.56 மி.மீ. துப்பாக்கியான இன்சாஸ் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். பீரங்கி, ஏவுகணை எல்லாம் என் துறை அல்ல. அவற்றைத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: இன்சாஸ் என்பது ஏ.கே. 47-ஐப் பார்த்துச் செய்த நகல்தானே?

பாதி சரி. மேல்மூடியைக் கழற்றினால் ஏ.கே. குடும்பத்தின் சாயல் தெரியும். சுடும்போது வரும் வாயு தள்ளுகிற பிஸ்டன், போல்ட்டைச் சுமக்கும் கேரியரோடு சேர்ந்தே பின்னால் போய்வரும். தோட்டாவை அறைக்குள் தள்ளி அடைக்கும் போல்ட் சுழன்று பூட்டிக்கொள்ளும். ஆனால் வாயுவைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் பெல்ஜியத்தின் எஃப்.என். ஃபால் துப்பாக்கியின் வழியில் வந்தது. நம் படை அதுவரை வைத்திருந்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கி அந்தக் குடும்பம்தான். சுடத் தயார்செய்ய இழுக்கும் காக்கிங் கைப்பிடி இடப்பக்கம் முன்னால் இருப்பது ஜெர்மனியின் எச்.கே. 33-ஐ நினைவூட்டும். புனேயில் இருக்கும், ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம் இவற்றை ஒன்றாக இணைத்தது.

இது ஏன் தேவைப்பட்டது? எஸ்.எல்.ஆர். நீளமானது, கனமானது, ஒவ்வொரு தோட்டாவாகத்தான் சுடும். 1987-ல் இலங்கைக்குப் போன இந்தியப் படை எதிரில் பார்த்தது ஏ.கே. துப்பாக்கிகளை. நெருக்கமான சண்டையில் எஸ்.எல்.ஆர். ஈடு கொடுக்கவில்லை. இன்சாஸ் வரத் தாமதமானதால் 90-களின் தொடக்கத்தில் வெளிநாட்டு ஏ.கே. வகைகளை வாங்கிச் சமாளித்தார்கள். 1998 குடியரசு தின அணிவகுப்பில் இன்சாஸ் மக்கள் முன் வந்தது. திருச்சி, இஷாப்பூர், கான்பூர் ஆகிய மூன்று இடங்களிலும் தயாரானது.

கேள்வி: கார்கிலில் இன்சாஸ் காலை வாரிவிட்டது என்கிறார்களே, உண்மையா?

குறைகள் உண்மை. 1999-ல் திராஸ், படாலிக் பக்கத்துக் குளிரில் மூன்று புகார்கள் திரும்பத் திரும்ப வந்தன. தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டியான மேகசின் விரிசல் விட்டது. சுடும்போது எண்ணெய் பின்னால் தெறித்துக் கண்ணில் பட்டது. ஒரு அழுத்தலுக்கு மூன்று தோட்டா என்று வைத்த துப்பாக்கி சில சமயம் நிற்காமல் சுட்டது. இன்சாஸ் ரைஃபிளில் முழுத் தானியங்கி நிலையே கிடையாது, ஒற்றைத் தோட்டா அல்லது மூன்று, அவ்வளவுதான். அதனால் மூன்றாவது புகார் சின்ன விஷயமல்ல.

மேகசினைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எல்லாரும் தாண்டிப்போகிற இடம் இது. இன்சாஸ் மேகசின் 20 தோட்டா பிடிக்கும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக். மிச்சம் எத்தனை என்று பார்த்தே சொல்லலாம், நல்ல யோசனை. ஆனால் மேல்வாயில் இரண்டு உதடுகள் இருக்கின்றன, முதல் தோட்டாவைச் சரியான கோணத்தில் பிடித்து நிறுத்துவது அவைதான். கடுங்குளிரில் பிளாஸ்டிக் இறுகும். பாறையில் ஒரு தட்டுப் பட்டாலே உதட்டில் மயிரிழை விரிசல் விழும். தோட்டா சற்றே சாயும், முன்னால் வரும் போல்ட் அதை அறைக்குள் தள்ளாமல் விளிம்பில் மோதி நிற்கும். துப்பாக்கி நின்றுவிடும், ஜவான் துப்பாக்கியைத் திட்டுவார். பழுது ஓர் அங்குலப் பிளாஸ்டிக்கில் இருக்கும்.

பிறகு திருத்தங்கள் செய்தார்கள். மேகசின் குறை முழுதாகப் போகவில்லை. என் கருத்து, வடிவமைப்பு மோசமில்லை, தயாரிப்பில் ஒரே சீர் இல்லை.

கேள்வி: ஏ.கே. நல்லதா, இன்சாஸ் நல்லதா?

எங்கே, எத்தனை தூரத்தில்? 300, 400 மீட்டர் திறந்த வெளியில் குறி பார்த்துச் சுட இன்சாஸ். ஐம்பது மீட்டரில் மரங்களுக்கு நடுவே, சேறும் மழையுமாக என்றால் ஏ.கே. மாவோயிஸ்ட் பகுதிகளில் இருந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் ஏ.கே. கேட்டு வாங்கிக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: லைசன்ஸ் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா?

முடியாது. 1959 ஆயுதச் சட்டத்தில் தடை செய்யப்பட்ட வகை.

கேள்வி: 5.56 தோட்டா எதிரியைக் கொல்ல அல்ல, காயப்படுத்தத்தானே? ஒருவன் அடிபட்டால் தூக்க இரண்டு பேர் போவார்கள், மூன்று பேர் குறைவார்கள்.

இல்லை. தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள். 5.56 வந்த காரணம் எடை. ஒரு தோட்டா சுமார் 12 கிராம், எஸ்.எல்.ஆர். தோட்டா ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே சுமையில் இரட்டிப்புத் தோட்டா தூக்கலாம், பின்னுதைப்பும் குறைவு.

அதே நண்பர்: என் மாமா சுபேதாராக இருந்தவர். பயிற்சியிலேயே இப்படித்தான் சொன்னார்களாம்.

உங்கள் மாமா மேல் மரியாதை உண்டு. பயிற்சியில் சொல்லியிருப்பார்கள், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் 1950-களின் இறுதியில் அமெரிக்கப் படை இந்த ரகத் தோட்டாவுக்கு வைத்த நிபந்தனையைப் பாருங்கள்: 500 கஜத்தில் எஃகுத் தலைக்கவசத்தைத் துளைக்க வேண்டும். காயப்படுத்த மட்டும் நினைப்பவர் தலைக்கவசத்தைத் துளைக்கச் சொல்வாரா?

இன்னொருவர்: ரஷ்யாவும் 1974-ல் 5.45-க்கு மாறியதே, அதையும் சொல்லுங்கள்.

சரியான எடுத்துக்காட்டு. அடிபட்டவனைத் தூக்க இரண்டு பேர் ஓடுவார்கள் என்று நம்பி எந்த நாடும் தன் தோட்டாவை மாற்றவில்லை. சண்டை நடக்கும்போது பெரும்பாலும் யாரும் ஓடிப்போய்த் தூக்குவதும் இல்லை.

மாமாவைப் பற்றிச் சொன்ன நண்பர்: அப்படியென்றால் நம் ராணுவம் ஏன் மறுபடியும் 7.62-க்குப் போகிறது?

எந்த 7.62? இதைக் கேட்காமல் பேச்சைத் தொடங்காதீர்கள். முதல் எண் தோட்டாவின் விட்டம், அடுத்தது உறையின் நீளம், இரண்டும் மி.மீ.-ல். 2019-ல் வாங்கிய 72,400 சிக் 716 துப்பாக்கிகள் 7.62×51, பழைய எஸ்.எல்.ஆர். தோட்டாவின் அளவு. 2021 டிசம்பரில் ஒப்பந்தமாகி அமேதி அருகே கோர்வாவில் தயாராகும் ஏ.கே. 203 என்பது 7.62×39. முன்னது நீளமானது, தூரம் போகும், கனமாக உதைக்கும். பின்னது குட்டை, நெருக்கத்துக்கு ஏற்றது. ஒன்றின் அறையில் மற்றது போகாது. எல்லையில் மலைக்கு மலை சுட நீளமானது, பயங்கரவாதிகளை வீட்டுக்கு வீடு தேட குட்டையானது, இதுதான் கணக்கு. 5.56 தோற்றது என்று இதற்குப் பொருள் இல்லை.

கேள்வி: நேபாளத்தில் என்ன நடந்தது?

2005 ஆகஸ்டில் காலிகோட் மாவட்டத்தில் மாவோயிஸ்ட் தாக்குதலில் 43 நேபாள வீரர்கள் இறந்தார்கள். நீண்ட சண்டையில் இன்சாஸ் நின்றுபோனதாக அந்த நாட்டு ராணுவம் குற்றம் சொன்னது. கையாண்ட விதம் சரியில்லை என்பது இந்தியத் தரப்பின் பதில். ரைஃபிள் வேறு, கனத்த குழலோடு வரும் இலகு இயந்திரத் துப்பாக்கியான இன்சாஸ் எல்.எம்.ஜி. வேறு. ரைஃபிளைக் கொண்டு மணிக்கணக்கில் எல்.எம்.ஜி. வேலை வாங்க முடியாது. அதற்காக இறந்தவர்கள் மேலேயே பழியைப் போடுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: ஏ.கே. பெஸ்டா, இன்சாஸ் பெஸ்டா?

மேலே சொல்லியாகிவிட்டது.

கேள்வி: 7.62 அடித்தால் 5.56-ஐவிடப் பவர் அதிகம்தானே?

எந்த 7.62?

கேள்வி: திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலைக்கு எப்படிச் சேர்வது?

2021 அக்டோபருக்குப் பிறகு அது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. அவர்களின் அறிவிப்பைப் பாருங்கள். இப்போது அங்கே ஏ.கே. வழியில், 7.62×39-ல், 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' செய்கிறார்கள்.

கேள்வி: ஏ.கே.-வா இன்சாஸா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன். இந்தக் கேள்விக்கு இனி பதிலும் இல்லை.

கேள்வி: காவல் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், கையில் பழைய இன்சாஸ் தந்திருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

இன்றைக்கு வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி. முதலில் மேகசின்களை வெறுமையாக்கி, வெளிச்சத்தில் பிடித்து உதடுகளைப் பாருங்கள். கோடு தெரிந்தால் டேப் சுற்றி ஓட்டாதீர்கள், திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள். எண்ணெய் மெல்லிய பூச்சுதான், ஊற்றக் கூடாது, ஊற்றினால் முகத்துக்குத்தான் வரும். ரெகுலேட்டரில் கரி அடைந்தால் துப்பாக்கி சோம்பும், அதை ஆயுதங்களைப் பராமரிக்கும் உங்கள் ஆர்மரரிடம், உங்கள் எதிரிலேயே ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்து காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், அவருக்கு அது சந்தோஷமாகவே இருக்கும்.