ஆட்டுத்தோல் பண்டேய்ரோவும் குயீகாவும் ஸ்ருதி இறங்கினால் என்ன செய்வது?

"ரியோ டி ஜெனீரோவில் ஒரு பண்டேய்ரோவும் குயீகாவும் வாங்கினேன். இரண்டும் அசல் ஆட்டுத்தோல். ஒரே மாதத்தில் தோல் தொய்ந்து ஸ்ருதி இறங்கிவிட்டது. எப்படிப் பராமரிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாதவர்களுக்கு: பண்டேய்ரோ, சட்டத்தில் சலங்கைத் தகடுகள் வைத்த, நம் கஞ்சிரா போன்ற பிரேசில் கருவி. குயீகா, உள்ளே இருக்கும் குச்சியைத் தேய்த்து வாசிக்கும் பிரேசில் முரசு.

இந்நேரம் ஸ்ருதி ஏற்றும் சாவியை எடுத்து, தோலை இழுத்துப் பிடிக்கும் எல்லாத் திருகுகளையும் முறுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் முதலில் அரைச் சுற்று தளர்த்திவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நான் தொழில்முறைக் கலைஞன் இல்லை. வேலைக்காக ஆறு வருடம் ரியோவில் இருந்தபோது, ஒரு தெருக் குழுவில் சுர்தோ அடித்தேன். பெரிய சாம்பா பள்ளிகளில் (கார்னிவல் ஊர்வலத்தில் ஆடிப் பாடி வாசிக்கும் பெரிய குழுக்கள்) வாசித்தவர்கள் இதில் குறை சொல்லலாம், சொல்லட்டும். நான் எழுதுவது ஒருவருடைய முரசின் தோலைக் கிழித்துவிட்டுக் கற்றுக்கொண்டது.

சுர்தோ என்பது இடுப்பில் மாட்டி அடிக்கும் பெரிய முரசு. பொதுவாக மூன்று வகை இருக்கும். முதலாவது அடிக்க, இரண்டாவது அதற்குப் பதில் சொல்ல, மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் வெட்டி வெட்டிப் போகும். மங்கேய்ரா பள்ளி மட்டும் அந்தப் பதில் அடியே இல்லாமல் வாசிக்கும், கண்ணை மூடிக் கேட்டாலே அது மங்கேய்ரா என்று தெரிந்துவிடும். எனக்குக் கொடுத்தது இரண்டாவது சுர்தோ. அது என்னுடையது அல்ல, குழுவில் மூத்தவர் ஒருவர் பல வருடம் வாசித்துப் பதமாக்கிய கருவி. நம்பி என் கையில் கொடுத்திருந்தார்.

ஜனவரி அங்கே கோடைகாலம், மழையும் அப்போதுதான். கார்னிவலுக்கு முந்தைய ஒத்திகை ஒன்றில் நடுத்தெருவில் மழை பிடித்துக்கொண்டது. பத்து நிமிடத்தில் தோல் ஊறி, ஈரத்துணியை அடிப்பது போலச் சத்தம் வந்தது. பதில் அடி கேட்கவில்லை என்றால் முழுக் குழுவும் தடுமாறும் என்ற பதற்றத்தில், எல்லாத் திருகுகளையும் இரண்டு முழுச் சுற்று முறுக்கினேன். ஸ்ருதி ஏறியது, ஒத்திகையும் நன்றாக முடிந்தது. அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் காலை காயட்டும் என்று பால்கனி வெயிலில் வைத்தேன். மதியம் பட்டென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், வளையத்தை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்குத் தோல் கிழிந்து கிடந்தது.

நனைந்த தோல் நீளும், காயும்போது சுருங்கும். நீண்டிருக்கும் நேரத்தில் நாம் முறுக்கி வைத்தால், காயும்போது வரும் இழுப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும். வெயில் என்றால் ஓரம் ஒரு வேகத்திலும் நடு இன்னொரு வேகத்திலும் காயும். கிழியாமல் என்ன செய்யும்?

அந்தப் பெரியவரிடம் போய்ச் சொன்னபோது "எத்தனை சுற்று?" என்று மட்டும் கேட்டார். இரண்டு என்றேன். அப்புறம் திட்டவே இல்லை. புதுத் தோலைத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, வளையத்தில் மடித்துச் செருகி, கையால் சுருக்கம் எடுத்து, லேசான இழுப்போடு நிழலில் காயவிட்டு, நன்றாகக் காய்ந்தபிறகே ஸ்ருதி ஏற்றும் முறையை என்னை வைத்தே செய்யவைத்தார். திருகை வரிசையாகச் சுற்றி வரக்கூடாது. ஒன்றைக் கால் சுற்று திருப்பினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே இருப்பது.

உங்கள் பண்டேய்ரோவுக்கும் இதேதான். ஈரக்காற்றில் தோல் தொய்வது அதன் இயல்பு, கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. காற்றில் ஈரம் குறைந்தால் தானாக ஏறும். அவசரம் என்றால் உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்குங்கள். நம் ஊரில் பறையைத் தீயில் காய்ச்சுவது போல, அங்கேயும் அந்தக் காலத்தில் செய்தித்தாளைக் கொளுத்தி தம்போரிம் என்ற சிறிய கைமுரசுகளைக் காய்ச்சினார்கள். ஆனால் பண்டேய்ரோவின் மரச்சட்டம் மெல்லியது, நெருப்பருகே கொண்டுபோக வேண்டாம். ஏசி ஓடும் அறையில் நிறைய நாள் வைப்பதானால் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். வாசித்து முடித்ததும் வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்தால் சலங்கைத் தகடுகள் துருப்பிடிக்காது. திருகு மரைகளில் எப்போதாவது ஒரு துளி கிரீஸ் போதும், தோலில் எண்ணெய் படக்கூடாது.

"நைலான் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று கீழே யாராவது எழுதுவார்கள். உண்மைதான். ரெபினிக்கி என்ற நடுத்தர முரசிலும் தம்போரிமிலும் இன்று பெரும்பாலும் நைலான்தான், மழையில் ஸ்ருதி அவ்வளவாக இறங்காது. அதை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் கேட்டவர் வைத்திருப்பது தோல், அவருக்குத் தோலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். சாம்பா என்றதும் எல்லா இடத்திலும் இறகு வைத்த நடனப் படம் ஒன்றுதான் போடுகிறார்கள். ரியோவில் கார்னிவல் ஊர்வலம் நடக்கும் சாம்பட்ரோம் அரங்கில் ஒரு பள்ளிக்கு 250 பேருக்கு மேல் தாளம் வாசிக்கிறார்கள், அவர்கள் முகம் எங்கேயும் வருவதில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கையில் பண்டேய்ரோ இருந்தாலே போலீஸ் சோம்பேறி என்று பிடித்த ஊர் அது. ஜோவாவ் ட பையானா என்ற சாம்பா கலைஞரின் பண்டேய்ரோவைப் போலீஸ் பறித்துக்கொண்டது. பின்யேய்ரோ மஷாடோ என்ற செனட்டர், தன் பெயர் பொறித்த புதுப் பண்டேய்ரோவைக் கொடுத்த பிறகே அவரால் தைரியமாக வாசிக்க முடிந்தது. உங்கள் கையில் இருக்கும் கருவிக்கு இப்படி ஒரு கதை உண்டு, அதை யாரும் சொல்லாததில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சரி, குயீகா. அதன் தோலின் நடுவில் உள்பக்கமாக ஒரு மெல்லிய மூங்கில் குச்சி கட்டியிருக்கும், ஈரத்துணியால் அதைத் தேய்த்துத்தான் சத்தம் வரும். துணியை நன்றாகப் பிழிந்த பிறகே உள்ளே விடுங்கள். சொட்டச் சொட்ட விட்டால் தோல் நடுவில் ஊறி, குச்சியைக் கட்டிய இடம் தளரும். முடிந்ததும் குச்சியை உலர்ந்த துணியால் துடைத்து, கருவியின் வாயை மூடாமல் ஒரு இரவு காற்றாட விடுங்கள். பையில் வைக்கும்போது உள்ளே எதையும் திணிக்காதீர்கள். சாவி, துணி எல்லாம் வெளிப்பையில் இருக்கட்டும். அந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டால் பெரும்பாலும் தோலையே மாற்ற வேண்டிவரும்.