டிராகன்ஸ்பர்க்கில் தனியாக நடக்கப் போகிறேன். எடை குறைந்த துப்பாக்கி எதை வாங்கலாம்?

சென்னையிலிருந்து வேலை விசாவில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்திருப்பதாகவும், டிராகன்ஸ்பர்க் மலைத்தொடரில் நான்கைந்து நாள் முதுகுப்பையோடு நடந்துவிட்டு அடுத்து இம்ஃபொலோசி வனவிலங்குக் காட்டுக்குப் போக ஆசைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்கர்கள் யூடியூபில் காட்டும் மடக்குத் துப்பாக்கிகளில் எது நல்லது என்பது கேள்வி.

உங்களைப் பொறுத்தவரை பதில் சுருக்கமானது: எதுவும் கிடைக்காது. இங்கே துப்பாக்கி உரிமத்துக்கு முன்னால் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அது குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். வேட்டைக்கு வரும் வெளிநாட்டவர் தம் ரைஃபிளைத் தற்காலிக அனுமதியோடு கொண்டுவரலாம். காரணம் என்ற இடத்தில் தற்காப்பு என்று எழுதினால் அந்த அனுமதியும் கிடைக்காது.

இதோடு நிறுத்திவிடலாம். ஆனால் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்திலும் டொங்காட்டிலும் பிறந்து வளர்ந்த நம் தமிழ்ப் பிள்ளைகளே இதைக் கேட்கிறார்கள். ஈஸ்டர் விடுமுறையில் பாதிக் குடும்பம் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போனால் மீதிப் பாதி மலைக்குக் கிளம்புகிறது. கிளம்பும்போது யாராவது ஒரு தம்பி இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதில்லை. ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த வீடியோக்களில் வருபவை பெரும்பாலும் சிறிய தோட்டா போடும் .22 ரகத் துப்பாக்கிகள். ஏஆர்-7 என்பது யூஜின் ஸ்டோனர் வடிவமைத்தது. குழலையும் இயங்கு பாகத்தையும் கழற்றிப் பின்கட்டைக்குள்ளேயே அடைத்துவிடலாம். அடைத்தபின் நீளம் சுமார் 42 சென்டிமீட்டர். இப்போது ஹென்றி நிறுவனம் செய்வது சுமார் 1.6 கிலோ. ரூகர் 10/22 டேக்டவுன் இரண்டாகக் கழலும். 2 கிலோவுக்குச் சற்று மேல். கியாப்பா லிட்டில் பேட்ஜர் ஒற்றைத் தோட்டா போட்டுச் சுடுவது, இரண்டாக மடியும், 1.3 கிலோ. கைவேலையாக மூன்றும் அழகானவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் முதல் இரண்டும் தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்பவை. எப்போதாவது வேட்டைக்குப் போகிறவருக்குக் கிடைக்கும் சாதாரண உரிமத்தில் இந்த வகை ரைஃபிளுக்கு இடமில்லை. மிஞ்சுவது ஒற்றைத் தோட்டாக்காரன். கரும்புத் தோட்டத்தில் வைத்துக்கொள்ள அது நல்ல பொருள். என் பெரியப்பா டொங்காட் பக்கத்தில் கரும்பு போட்டிருந்தபோது ஒரு பழைய .22 வைத்திருந்தார். உரிமம் புதுப்பிக்கும் நேரத்தில் போலீஸ்காரர் வந்தார். இரும்புப் பெட்டகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். பிறகு முட்டிபோட்டு உள்ளே டார்ச் அடித்து, அது சுவரோடு போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். துப்பாக்கியை அவர் பார்த்த நேரத்தைவிடப் பெட்டகத்தைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

அதை மனதில் வைத்துக்கொண்டு கூடாரத்தை யோசித்துப் பாருங்கள். துப்பாக்கி ஒன்று உங்கள் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டகத்தில் இருக்க வேண்டும். மலையில் ஏது பெட்டகம்? ஓடையில் குளிக்க இறங்கும்போது என்ன செய்வீர்கள்? பாதி ராத்திரியில் ஒதுங்கப் போகும்போது? தொலைந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும். உங்களுடைய கவனக்குறைவால் தொலைந்தது என்றால் வழக்கு உங்கள் மேல்தான். அது மட்டுமல்ல, டிராகன்ஸ்பர்க் பூங்கா 2000இலிருந்து உலகப் பாரம்பரியக் களம். அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு உள்ளே போகவே முடியாது.

சரி, சட்டம் கிடக்கட்டும், எதற்காக அது? வழி தவறினால் முயல் சுட்டுத் தின்பதற்கு என்கிறார்கள். மலையில் மாட்டிக்கொண்டவரை முதலில் வீழ்த்துவது பசி இல்லை. குளிர், ஈரம், தாகம். சாப்பாடில்லாமல் வாரக்கணக்கில் உயிர் தாங்கும்; நனைந்த உடம்போடு மேட்டுக் காற்றில் ஓர் இரவு தாங்குவது கடினம். பாதுகாக்கப்பட்ட பூங்காவில் எதைச் சுட்டாலும் அது திருட்டு வேட்டை என்பது வேறு.

விலங்குக்கு என்றால் இம்ஃபொலோசியைத்தான் பேச வேண்டும். டிராகன்ஸ்பர்க்கில் உங்களைத் தேடிவருவது ரொட்டி திருட வரும் பபூன் குரங்கு. மற்றபடி பாதையோரம் அசையாமல் கிடக்கும் பஃப் ஆடர் விரியன். கால் வைக்குமிடத்தைப் பார்த்து நடந்தால் போதும். இம்ஃபொலோசி அப்படியில்லை. சிங்கம், யானை, எருமை, காண்டாமிருகம், சிறுத்தை ஐந்தும் உண்டு. அங்கே வனத்துக்குள் நடைப்பயணத்தை 1959இல் தொடங்கியவர்கள் இயன் பிளேயரும் மக்குபு ந்டோம்பேலாவும். அன்றிலிருந்து இன்றுவரை ஆயுதமேந்திய வழிகாட்டி இல்லாமல் அந்தப் பகுதியில் நடக்க விடுவதில்லை.

அந்த வழிகாட்டிகள் தோளில் போடுவது பொதுவாகப் பெரிய தோட்டா போடும் .375 அல்லது .458 ரைஃபிள். ஒருமுறை ஓய்வெடுத்த இடத்தில் வழிகாட்டி .375 தோட்டா ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நடுவிரலைவிட நீளம், பித்தளையின் சூடு, எதிர்பாராத கனம். முனையில் இருக்கும் குண்டு மட்டும் ஏறத்தாழ 19 கிராம். .22இன் குண்டு இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். வெளிவரும் வேகத்தையும் சேர்த்தால் ஆற்றலில் சுமார் முப்பது மடங்கு வித்தியாசம். பாய்ந்து வரும் எருமையை .22ஆல் சுடுவது அதற்குக் கடுகு தாளித்துப் போடுகிற மாதிரி. அவரும் அந்த ரைஃபிளை நம்பி நடப்பதில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, உண்ணிக்கொத்தி எங்கிருந்து கத்திக்கொண்டு எழும்புகிறது என்றுதான் கவனம். எருமை முதுகிலும் காண்டாமிருக முதுகிலும் உண்ணி தின்னும் பறவை அது. புதருக்குப் பின்னால் எது நிற்கிறது என்பதை முதலில் சொல்வது அதுதான்.

மனிதர்களைப் பற்றிய பயம் உங்கள் கேள்வியில் வெளிப்படையாக இல்லை. ஆனால் உள்ளே இருக்கிறது என்று நினைக்கிறேன். அது ஆதாரமில்லாத பயமும் அல்ல. டிராகன்ஸ்பர்க்கின் வடக்கே ம்ன்வேனி பக்கம் மலையுச்சி மேட்டில் தூங்கியவர்களிடம் கொள்ளை நடந்த செய்திகள் வந்திருக்கின்றன. ஆனால் அந்த மேட்டின் விளிம்புதான் அண்டை நாடான லெசோத்தோவின் எல்லை. மேல்பாதையில் நடக்கும்போது நாளுக்குப் பலமுறை அந்த நாட்டுக்குள் கால் வைத்து வெளியே வருவீர்கள். தென்னாப்பிரிக்க உரிமம் அங்கே செல்லாது. தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவனைச் சுற்றி இருட்டில் நாலு பேர் நிற்கும்போது, பைக்குள் மடித்து வைத்த துப்பாக்கி அவர்களுக்குக் கிடைக்கும் இன்னொரு பொருள், அவ்வளவுதான். கூட்டமாகப் போங்கள், மேட்டில் தங்காமல் கீழ்ப் பள்ளத்தாக்கில் தங்குங்கள், அந்தப் பகுதிக்கு உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துங்கள்.

துப்பாக்கிக்கு என்று ஒதுக்கிய ஒன்றரை கிலோவில் என்ன வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் மினி 100 கிராம். மாதச் சந்தா வேண்டாம் என்றால் 406 மெகாஹெர்ட்சில் அபாய சமிக்ஞை விடும் சிறு கருவி வாங்கலாம். நல்ல மழைச்சட்டை, உலர்ந்த கம்பளி உள்சட்டை ஒரு ஜோடி, அவசரப் போர்வை, தண்ணீர் வடிகட்டி. இவ்வளவும் போட்டாலும் மிச்சம் இருக்கும். அதில் முறுக்கு எடுத்துப் போங்கள். கோடையில் மதியத்துக்குள் கூடாரம் போட்டுவிட்டு இடி மின்னலைக் கேட்டுக்கொண்டு தின்ன ஏதாவது வேண்டும்.

கிளம்பும் வாயிலில் மீட்புப் பதிவேடு இருக்கும். போகும் பாதை, தங்கும் இடம், திரும்பும் நாள் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுங்கள், பாதையை மாற்றினால் யாருக்காவது சொல்லுங்கள். சமிக்ஞைக் கருவியைப் பதிவு செய்யும்போது அவசரத் தொடர்பு எண் கேட்பார்கள். டர்பனில் இருக்கும் நண்பர் ஒருவருடைய எண்ணைக் கொடுங்கள், உங்கள் பயணத் திட்டத்தையும் அவரிடம் விட்டுவிட்டுப் போங்கள். சென்னையில் இருக்கும் அம்மாவின் எண் வேண்டாம். பட்டன் தவறி அமுங்கினாலும் முதல் அழைப்பு அவருக்குத்தான் போகும்.